சித்தப்பாவின் வால்வும் கோர்லின் அப்பா-பிள்ளையும்

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். கணக்கில் தப்பிருந்தா தாராளமா திட்டலாம்.

படப்பையில் இருக்கிற எங்க சித்தப்பாவுக்கு மாடி ஏறினா மூச்சு வாங்குது. எக்கோ எடுத்ததில் அயோர்டிக் வால்வு சுருங்கியிருக்குன்னு வந்தது. வால்வு திறப்பின் பரப்பு 0.8 ச.செ.மீ. 1.0-க்கு மேல் போகலைன்னா 'கடுமை'. ஆனா அதே தாளில் சராசரி கிரேடியன்ட், அதாவது வால்வுக்கு முன்னும் பின்னும் இருக்கிற அழுத்த வித்தியாசம், வெறும் 27 மி.மீ. அது 40-ஐத் தொட்டாத்தான் 'கடுமை'. ஒரு டாக்டர் வால்வை மாத்தணும்கிறார். இன்னொருத்தர் ஆறு மாசம் பார்க்கலாம்கிறார்.

சித்தப்பா ஒரகடத்தில் ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனில் இருந்து ரிட்டயர் ஆனவர். "ரெண்டு கேஜ் ரெண்டு விதமா காட்டினா ஒண்ணு தப்புடா. எதுன்னு பாரு"ன்னுட்டார்.

தோண்டினா கதை 1951-க்குப் போகுது. அமெரிக்கன் ஹார்ட் ஜர்னலில் அந்த வருஷம் ஒரு கட்டுரை. எழுதினவங்க ரிச்சர்ட் கோர்லின் என்கிற இளம் இதய மருத்துவரும் அவரோட அப்பாவும். அப்பா இன்ஜினியர்! (இங்கே நான் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.) தொட்டியில் ஓட்டை போட்டா தண்ணி என்ன வேகத்தில் பீய்ச்சும்னு 17-ஆம் நூற்றாண்டில் டாரிசெல்லி சொன்ன விதியை இதய வால்வுக்குப் போட்டாங்க. ஒரு வினாடிக்குப் பாயும் ரத்தத்தை, கிரேடியன்டின் வர்க்கமூலத்தை 44.3-ஆல் பெருக்கி வர்ற எண்ணால் வகுத்தா பரப்பு. சரிபார்த்தது மைட்ரல் வால்வில்தான். அயோர்டிக் வால்வுக்கு அப்போ சரிபார்க்க அளவுகளே இல்லை, திருத்த எண்ணை 1-ன்னு வெச்சுட்டாங்க.

அந்த வர்க்கமூலம்தான் வில்லன். ரத்த ஓட்டம் பாதியானா கிரேடியன்ட் கால்வாசி ஆயிடும், வால்வு அதே வால்வுதான்.

சும்மா போட்டுப் பார்த்தேன். நிமிஷத்துக்கு 5 லிட்டர், 70 துடிப்பு, ஒவ்வொண்ணிலும் வால்வு திறந்திருப்பது 0.33 வினாடி. வினாடிக்கு 216 மி.லி. பரப்பு 1.0-ன்னா கிரேடியன்ட் 24 தான் வருது. 40 வரணும்னா பரப்பு 0.77-க்கு இறங்கணும். அதாவது ரெண்டு எல்லைக்கோடும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தவே இல்லை! 2008-ல் ஜெர்மனியில் மின்னர்ஸ் குழு சுமார் 3500 எக்கோக்களை வெச்சு இதையே காட்டியிருக்கு: 1.0-க்கு 21, 40-க்கு 0.75.

சித்தப்பாகிட்ட ரெண்டு கேஜும் சரியா இருக்கலாம்னு சொன்னேன். "அப்போ டிராயிங்ல போட்ட ஸ்பெக் தப்பு"ன்னார்.

கேஜும் முழு யோக்கியம் இல்லை. எக்கோவில் வால்வுக்குக் கீழே இருக்கிற பாதையின் விட்டத்தை அளந்து, வட்டம்னு நினைச்சு வர்க்கப்படுத்துறாங்க. நிஜத்தில் அது நீள்வட்டம். 20 மி.மீ.யை 18-ன்னு அளந்தாலே பரப்பு 19 சதவீதம் குறைஞ்சிடும்.

2007-ல் கனடாவின் கியூபெக்கில் ஹச்சிச்சா, டுமெனில், பிபாரோ குழு இன்னொண்ணு சொன்னாங்க. இதயம் நல்லா சுருங்கினாலும் அறை சின்னதாகி ஓட்டம் குறையலாம், அப்போ கிரேடியன்ட் ஏமாத்தும். உடல் பரப்பு ச.மீ.க்கு ஒரு துடிப்பில் 35 மி.லி.க்குக் கீழேன்னா குறைந்த ஓட்டம். சித்தப்பாவுக்கு 33.

இப்படிச் சிக்கினா ஓட்டத்தைச் சாராத அளவு வேணும். சிடி ஸ்கேனில் வால்வில் படிஞ்ச கால்சியத்தை எண்ணுறாங்க. ஆண்களுக்கு 2000, பெண்களுக்கு 1200 தாண்டினா கடுமையா இருக்க வாய்ப்பு அதிகம். போன வாரம் எடுத்தோம். 2600.

ரெண்டாவது டாக்டரும் இப்போ மாத்திடலாம்கிறார். நெஞ்சைத் திறந்தா, தொடை வழியாவான்னு வீட்டில் பேச்சு ஓடுது. தொடை வழியா 2002-ல் பிரான்ஸில் அலான் கிரிபியே முதன்முதலா வால்வு வெச்ச கதை அடுத்த பதிவில்.