படர்க்கையில் பாடினால் பரவாயில்லை

1970ஆம் ஆண்டு. 'கிங்க்ஸ்' என்ற ஆங்கிலேய ராக் குழு அமெரிக்காவில் சுற்றுப்பயணத்தில் இருக்கிறது. அதன் பாடகர் ரே டேவிஸ் நடுவிலேயே விமானம் ஏறி லண்டனுக்கு வந்து, ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரே ஒரு சொல்லை மாற்றிப் பாடிக் கொடுக்கிறார். பாட்டின் பெயர் 'லோலா'. மதுவிடுதியில் லோலாவைச் சந்தித்து மயங்கும் இளைஞன், அவள் ஆணா பெண்ணா என்று தடுமாறும் கதை. பிபிசிக்கு அதில் உறுத்தியது என்ன தெரியுமா? 'கோகோ கோலா' என்ற சொல். விளம்பரம் கூடாது என்பது விதி. அது 'செர்ரி கோலா' ஆனதும் பாட்டு காற்றில் ஏறிவிட்டது.

இதை எல்லோரும் ஜோக்காகத்தான் சொல்வார்கள். எனக்கு இதற்குள் வேறொரு கேள்வி இருக்கிறது. அப்படியென்றால் பிபிசியின் காதுக்கு எதுதான் ஆபாசம்?

கொஞ்சம் பின்னால் போவோம். உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942இல் பிபிசி நடன இசைக்கென்று ஒரு கொள்கைக் குழுவை அமைத்தது. உருக்கம் வழியும் பாட்டுகளை அது ஒதுக்கியது. ஆண்கள் சோகை பிடித்த மாதிரி தளர்ந்த குரலில் பாடுவதையும் ஏற்கவில்லை. கவனியுங்கள், இங்கே குற்றவாளி சொல் அல்ல, குரல்.

1969இல் அந்தக் காதுக்குப் பெரிய சோதனை வந்தது. செர்ஜ் கேன்ஸ்பூரும் ஜேன் பிர்கினும் பிரெஞ்சில் பாடிய 'ஜெ தேம்... மூவா நோன் ப்ளூ'. பிரிட்டிஷ் கேட்பவர்களில் பலருக்கு வரிகள் புரிந்திருக்காது. ஆனால் பிர்கினின் மூச்சுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையா என்ன? பிபிசி தடை விதித்தது. கடற்கொள்ளை வானொலிகளைச் சட்டம் போட்டு முடக்கியது 1967இல். பிரிட்டனுக்குள் தனியார் வானொலி முறைப்படி வந்தது 1973இல். இடைப்பட்ட காலத்தில் பிபிசி 'இல்லை' என்றால் அது கிட்டத்தட்ட நாடே 'இல்லை' என்ற மாதிரி. பாட்டு விற்பனையில் இரண்டாமிடத்தில் இருந்தபோது இசைத்தட்டு நிறுவனமே பயந்து அதைத் திரும்பப் பெற்றது. இன்னொரு சிறிய நிறுவனம் உரிமையை வாங்கி வெளியிட, அக்டோபரில் முதலிடம். இதில் வேடிக்கை, அதே மெட்டு வெறும் வாத்திய இசையாக, வேறு பெயரில், வேறொரு குழுவிடமிருந்து வந்தபோது பிபிசிக்கு அதில் ஆட்சேபம் இல்லை. மெட்டு சுத்தம், பெண்ணின் மூச்சு அசுத்தம்.

மூன்று ஆண்டு கழித்து, 1972இல், சக் பெர்ரியின் 'மை டிங்-எ-லிங்' முதலிடத்துக்கு வந்தது. ஆணுறுப்பைப் பற்றிய பள்ளிக்கூடத்துப் பையன் கிண்டல் அது, முழுக்க இரட்டை அர்த்தம். ஒழுக்கப் பிரச்சாரகர் மேரி ஒயிட்ஹவுஸ் புகார் கொடுத்தும் பிபிசி தடை செய்யவில்லை. மறுவருடம் லூ ரீடின் 'வாக் ஆன் தி வைல்ட் சைட்' வந்தது. திருநங்கைகள், பாலியல் தொழில், வாய்வழி உறவு என்று அதில் இல்லாத விஷயமே இல்லை. அதுவும் ஒலித்தது. அந்தக் கொச்சைத் தொடர் அதிகாரிகளுக்குப் புரியவில்லை என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். இருக்கலாம். எனக்கு அது மட்டும் போதவில்லை.

ஏனென்றால் 1976இல் டோனா சம்மரின் 'லவ் டு லவ் யூ பேபி'க்குக் கதவு மறுபடி சாத்தப்பட்டது. ஆல்பத்தில் ஏறக்குறைய 17 நிமிடம் ஓடும் பாட்டு. வரிகளில் தணிக்கை செய்ய ஒன்றுமே கிடையாது. இருப்பதெல்லாம் முனகல். பிறகு 1984 ஜனவரி. ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட் குழுவின் 'ரிலாக்ஸ்' ரேடியோ 1இல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பாட்டு. காலை நிகழ்ச்சியின் மைக் ரீட் திடீரென்று அதைப் போட மறுத்தார், நிர்வாகமும் பின்னாலேயே வந்தது. பாட்டு ஐந்து வாரம் முதலிடத்தில் நின்றது. முதலிடப் பாட்டோடு முடிய வேண்டிய 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' அந்த ஐந்து வாரமும் அது இல்லாமலே முடிந்தது. குழுவில் இருவர் தாங்கள் தன்பாலீர்ப்பாளர்கள் என்பதை மறைக்காதவர்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் தடை விலகியது.

இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்கு நம் இலக்கணப் பாடம்தான் ஞாபகம் வருகிறது: தன்மை, முன்னிலை, படர்க்கை. லோலாவும் லூ ரீடின் திருநங்கைகளும் படர்க்கையில் இருக்கிறார்கள். ஓர் ஆண் அவர்களைப் பற்றிக் கதை சொல்கிறான். சக் பெர்ரி தன்னைப் பற்றியே பாடினாலும் அதில் வேட்கை இல்லை, கிண்டல்தான். கதைக்கும் ஜோக்குக்கும் அனுமதி உண்டு. பெண்ணோ, தன்பாலீர்ப்புள்ள ஆணோ, 'இது என் இன்பம்' என்று தன்மையில் குரல் எழுப்பும்போதுதான் கதவு மூடிக்கொள்கிறது.

பிபிசியில் யாரும் இப்படி விதி எழுதி வைக்கவில்லை. எழுதாததால்தான் அது அவ்வளவு காலம் செல்லுபடியானது. எழுதிய விதி என்றால் 'செர்ரி கோலா' மாதிரி ஒரு சொல்லை மாற்றித் தப்பிக்கலாம். குரலை எதைக் கொண்டு மாற்றுவது?

2020இல் கார்டி பியும் மேகன் தீ ஸ்டாலியனும் தங்கள் உடலின் ஆசையைப் பச்சையாகப் பாடிய 'வாப்', அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது. வானொலிக்கென்று சொற்களை மாற்றிய வடிவம் ஒன்றும் தயாரானது. வெட்டுப்பட்டவை சொற்கள் மட்டும்தான். பாடியது அதே இரண்டு பெண்கள், தன்மையில். ஜேன் பிர்கினுக்கு இந்தப் பேரம் கிடைத்திருக்காது. அவரிடம் மாற்றித் தர ஒரு சொல்கூட இல்லை, மூச்சுதான் இருந்தது.