வானொலிக் கட்டுப்பாட்டு டிரிஃப்ட் கார்: தேர்வும் டியூனிங்கும் வளர்ந்த வரலாறு

வானொலிக் கட்டுப்பாட்டு டிரிஃப்ட் கார் என்பது, வளைவுகளில் பக்கவாட்டாகச் சறுக்கிச் செல்வதற்கென்றே வடிவமைக்கப்பட்ட சிறிய மின்கார் ஆகும். பெரும்பாலும் இது உண்மைக் காரின் பத்தில் ஒரு பங்கு அளவில் செய்யப்படுகிறது. விரைவாக எல்லையைத் தொடும் கார் வெல்லும் பந்தயங்களிலிருந்து இது வேறுபட்டது. சறுக்கும் கோணம், செல்லும் தடம், ஓட்டத்தின் சீர் ஆகியவையே இங்கு மதிப்பிடப்படுகின்றன. ஜப்பானில் உருவான இப்பொழுதுபோக்கு இன்று பல நாடுகளில் பரவியுள்ளது. இக்காரைத் தேர்ந்தெடுப்பவரும் அதை டியூனிங் செய்பவரும் எதிர்கொள்ளும் கேள்விகள் ஒவ்வொன்றும், இதன் வரலாற்றில் ஒரு கட்டத்தில் எழுந்த சிக்கலின் எச்சமே ஆகும்.

பெரிய காரின் பின்னணி

டிரிஃப்ட் ஓட்டமுறையின் முன்னோடியாகக் குறிப்பிடப்படுபவர் குனிமிட்சு தகஹாஷி. மோட்டார் சைக்கிள் வீரராகத் தொடங்கிய இவர், 1961இல் மேற்கு செருமனியின் ஹாக்கன்ஹைம் களத்தில் வென்று, உலக கிராண்ட் பிரீ மோட்டார் சைக்கிள் பந்தயம் ஒன்றில் வெற்றி பெற்ற முதல் ஜப்பானியர் ஆனார். பின்னர் கார் பந்தயத்துக்கு மாறி, 1970களில் வளைவுகளின் உள்ளே காரைச் சறுக்கவிட்டு ஓட்டும் பாணியால் பெயர் பெற்றார். அவரைப் பார்த்து ஈர்க்கப்பட்ட கெயிச்சி சுச்சியா, அந்த நுட்பத்தை ஜப்பானின் மலைப்பாதைகளில் பழகி மெருகேற்றினார். 1987இல் வெளியான 'புளஸ்பி' என்னும் காணொளி அவரையும் அவருடைய டொயோட்டா ஏஇ86 காரையும் பரவலாக அறிமுகப்படுத்தியது.

1995இல் தொடங்கிய ஷூய்ச்சி ஷிகெனோவின் 'இனிஷியல் டி' என்னும் படக்கதைத் தொடர், இந்த ஓட்டமுறையைப் பந்தயக் களத்துக்கு வெளியே இருந்த இளைஞர்களிடம் கொண்டு சென்றது. 2001இல் டி1 கிராண்ட் பிரீ போட்டித் தொடர் தொடங்கியபோது, தெருவில் இருந்த ஒரு பழக்கம் நடுவர்களும் மதிப்பெண்களும் கொண்ட விளையாட்டாக மாறியது. ஓட்டுநர் உரிமம், பணம், களம் ஆகியவை இல்லாத பலருக்கு இந்த விளையாட்டில் நுழைய இருந்த ஒரே வாயில் சிறிய கார்தான்.

சிறிய காரின் பின்னணி

வணிக அளவில் விற்கப்பட்ட முதல் வானொலிக் கட்டுப்பாட்டுக் கார்களுள் ஒன்று, இத்தாலியின் எலெட்ரோனிகா ஜோகட்டோலி நிறுவனம் 1966இல் வெளியிட்ட பெராரி 250எல்எம் மாதிரி. ஜப்பானின் ஷிசுவோக்கா நகரைச் சேர்ந்த டாமியா நிறுவனம் 1976இல் 1:12 அளவில் போர்ஷே 934 காரை வெளியிட்டு இத்துறையில் நுழைந்தது. வாங்குபவரே பாகங்களைப் பூட்டிக் காரை உருவாக்கும் முறை இதனால் பரவலானது. தானே பூட்டியவர், தானே கழற்றி மாற்றவும் துணிவார். பிற்கால டியூனிங் பழக்கத்துக்கு அடித்தளம் இதுவே.

1990களில் 1:10 அளவிலான, நான்கு சக்கரங்களும் இயங்கும் 'டூரிங்' வகைக் கார்கள் வரவேற்புப் பெற்றன. சாலையில் ஓடும் கார்களின் தோற்றத்தை ஒத்த, உட்புறமாக வண்ணம் தீட்டப்பட்ட பாலிகார்பனேட் மேற்கூடுகள் இவற்றுக்குப் பொருத்தப்பட்டன. டிரிஃப்ட் கார் பிறந்தது இந்த டூரிங் காரிலிருந்துதான்.

முதல் சிக்கல்: டயர்

டூரிங் காரின் ரப்பர் டயர் தரையைப் பற்றிக்கொள்வதற்காகச் செய்யப்பட்டது. அதை வைத்துச் சறுக்க முயன்றால் கார் கவிழும், அல்லது ஒரே வீச்சில் சுழன்று நிற்கும். எனவே தொடக்ககால ஆர்வலர்கள் டயரின் மேல் மின்கம்பிக்குச் சுற்றும் நாடாவைச் சுற்றினர். தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் பிவிசி குழாயை வளையமாக அறுத்துச் சக்கரத்தில் மாட்டினர். பின்னர் உற்பத்தியாளர்களே கடின நெகிழியாலான டிரிஃப்ட் டயர்களை விற்கத் தொடங்கினர்.

இது வெறும் சிக்கன வழி அன்று. இதன் பின்னால் இயற்பியல் உண்டு. ஒரு வளைவைச் சறுக்கிக் கடக்க ஆகும் நேரம், வளைவின் அளவையும் உராய்வையும் பொறுத்தது. அளவு பத்தில் ஒன்றாகக் குறையும்போது, உராய்வு மாறாமல் இருந்தால், நேரம் பத்தின் வர்க்கமூலமான சுமார் 3.16 மடங்கு குறைகிறது. பெரிய கார் 6 நொடியில் கடக்கும் வளைவைச் சிறிய கார் 2 நொடிக்குள் கடந்துவிடும். காரின் அளவு குறைந்தாலும், ஓட்டுபவரின் கையும் கண்ணும் அதே வேகத்தில்தான் இயங்குகின்றன. உராய்வை நான்கில் ஒரு பங்காகக் குறைத்தால் அதே வளைவுக்கு இரு மடங்கு நேரம் கிடைக்கிறது. கடினமான டயர் காரைச் சறுக்க வைத்ததோடு, திருத்திக்கொள்ளும் அவகாசத்தையும் மனிதருக்குத் தந்தது.

இதனால்தான் இன்றும் தேர்வு காரிலிருந்து அல்ல, தரையிலிருந்து தொடங்குகிறது. தார்ச்சாலை, மெருகேற்றிய கான்கிரீட், தரைவிரிப்பு, நெகிழி ஓடு ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஏற்ற டயர் வேறு. ஒரே டயர் ஒரு தரையில் பனிக்கட்டிபோல் வழுக்கும், மற்றொன்றில் பிடித்துக்கொள்ளும். பல களங்கள் அனைவரும் ஒரே வகை டயரைப் பயன்படுத்த வேண்டும் என விதிக்கின்றன. இரு கார்கள் நெருங்கி ஓடும் போட்டியில், பிடிப்பு மிகுந்த டயர் கொண்ட கார் மற்றதை விட்டு ஓடிவிடும் என்பதே காரணம்.

இரண்டாவது சிக்கல்: தோற்றத்தில் உண்மை

2000களில் டாமியா, யோகோமோ, எச்பிஐ போன்ற நிறுவனங்கள் டிரிஃப்ட் ஓட்டத்துக்கென்றே தொகுக்கப்பட்ட நான்கு சக்கர இயக்கக் கார்களை விற்பனைக்குக் கொண்டுவந்தன. இவற்றில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுழன்றன. கார் எளிதில் சறுக்கியது; புதியவரும் சில நாள்களில் கற்றுக்கொள்ள முடிந்தது. ஆனால் முன்சக்கரங்களும் காரை இழுத்துச் செல்வதால், அவற்றைச் சறுக்கலுக்கு எதிர்ப்பக்கம் அதிகம் திருப்ப வேண்டியிருக்கவில்லை. உண்மையான டிரிஃப்ட் காரை அடையாளம் காட்டுவதே அந்த எதிர்த்திருப்பல்தான். சிறிய கார் சறுக்கியது உண்மை. ஆனால் பெரிய காரைப் போலச் சறுக்கவில்லை.

இக்குறையைப் போக்க, பற்சக்கரங்களையோ பட்டைச் சக்கரங்களையோ மாற்றி, பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைவிட வேகமாகச் சுழலுமாறு செய்தனர். முன்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது பின்சக்கரம் ஒன்றரை அல்லது இரண்டு சுற்றுச் சுற்றியது. பின்பகுதி முன்பகுதியை முந்த முனைவதால், ஓட்டுபவர் சக்கரங்களை எதிர்ப்பக்கம் திருப்பியே காரைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று. தோற்றம் உண்மையை நெருங்கியது, ஓட்டுவதும் கடினமானது. இந்த விகிதம் கூடக்கூட முன்சக்கர இயக்கத்தின் பங்கு குறைந்தது. ஒரு கட்டத்துக்குப் பின், முன்சக்கரங்களுக்கு விசை தேவையா என்ற கேள்வி எழுந்தது.

மூன்றாவது சிக்கல்: கைரோ

பின்சக்கர இயக்கக் கார் இக்கேள்விக்கு விடையாக வந்தது. ஆனால் அதை வெறும் கையால் கட்டுப்படுத்துவது மிகக் கடினம். பெரிய காரின் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருப்பதால், பின்பகுதி விலகுவதை உடலால் உணர்கிறார். சிறிய காரை ஓட்டுபவர் களத்தின் ஓரத்தில் நிற்கிறார். கண்ணுக்குத் தெரிந்த பின்னரே அவர் கை அசைகிறது. கார் அவரை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தோன்றும்.

தீர்வு, வானொலிக் கட்டுப்பாட்டு ஹெலிகாப்டரிலிருந்து வந்தது. அதன் வாலை நிலைப்படுத்தப் பயன்பட்ட கைரோ என்னும் உணரி, காரின் சுழற்சி வேகத்தை அளந்து, முன்சக்கரங்களைத் திருப்பும் சர்வோ மோட்டாருக்கு எதிர்த்திருப்பல் ஆணையைச் சேர்த்து அனுப்பியது. 2010களில் கைரோவுடன் கூடிய பின்சக்கர இயக்கம் பெருகியது. 2016இல் யோகோமோ வெளியிட்ட ஒய்டி-2, நெகிழி அடிச்சட்டத்தால் விலை குறைந்து, இவ்வகையைப் பலரின் கைக்கு எட்டச் செய்தது. தைவானின் எம்எஸ்டி போன்ற நிறுவனங்களும் இத்தகைய கார்களை வெளியிட்டன.

கைரோ வந்ததும் விவாதமும் வந்தது. மின்னணுக் கருவி திருப்பினால் ஓட்டுபவரின் திறமை எங்கே என்பது எதிர்ப்பாளர்களின் கேள்வி. ஆனால் பெரிய காரில் நடப்பதைக் கவனித்தால் இக்கேள்வியின் வலு குறைகிறது. பின்பகுதி சறுக்கத் தொடங்கியதும் திறமையான ஓட்டுநர் திருப்புவளையத்தின் பிடியைத் தளர்த்துகிறார். முன்சக்கர அச்சின் சாய்வு காரணமாகச் சக்கரங்கள் தாமாகவே செல்லும் திசைக்குத் திரும்பிக்கொள்கின்றன. சிறிய காரில் சர்வோ மோட்டார் சக்கரங்களை இறுகப் பிடித்திருப்பதால் அந்த இயல்பான திருப்பம் நிகழ வழியில்லை. கைரோ, சர்வோ பறித்துக்கொண்டதைத் திருப்பித் தருகிறது. எந்தத் தடத்தில் செல்வது, எவ்வளவு கோணம் கொடுப்பது, எப்போது விசையைக் குறைப்பது ஆகிய முடிவுகள் ஓட்டுபவரிடமே இருக்கின்றன.

இன்றைய தேர்வு

இந்த வரலாற்றை அறிந்தவருக்குத் தேர்வு எளிதாகிறது. வீட்டு முற்றத்திலும் வாகன நிறுத்துமிடத்திலும் ஓட்ட விரும்புபவருக்கு, முன்பின் சம வேகமுள்ள நான்கு சக்கர இயக்கக் கார் போதுமானது. கைரோ இல்லாமலே ஓடும். களத்தில் மற்றவர்களுடன் ஓட விரும்புபவருக்குப் பின்சக்கர இயக்கக் காரே பொருந்தும். இரண்டையும் கலந்து ஓட்டுவது கடினம். அவற்றின் ஓட்டத் தடமும் வேகமும் வேறு.

மோட்டாரில், குறைந்த வேகத்திலும் சீராக இயங்கும் உணரியுடைய தூரிகையற்ற வகை விரும்பப்படுகிறது. கம்பிச் சுற்றின் எண்ணிக்கை குறையக் குறைய வேகம் கூடும். 10.5 அல்லது 13.5 சுற்று மோட்டாரும் 7.4 வோல்ட் லித்தியம் பாலிமர் மின்கலமும் பரவலாகப் பயன்படுகின்றன. பின்சக்கர இயக்கக் காரில் விலை உயர்ந்த மோட்டாரைவிட விரைந்து செயல்படும் சர்வோவும் நல்ல கைரோவும் முதன்மையானவை. 2.4 கிகாஹெர்ட்ஸ் கட்டுப்பாட்டுக் கருவிகள் வந்த பின், முன்புபோல் ஒவ்வொரு காருக்கும் தனி அலைவரிசைப் படிகம் தேட வேண்டியதில்லை. பல கார்கள் ஒரே நேரத்தில் ஓடலாம்.

டியூனிங்கின் வரிசை

டியூனிங்கில் வரிசை முக்கியமானது. முதலில் தரைக்கேற்ற டயர் பொருத்தப்படுகிறது. அடுத்து, முன்சக்கரங்கள் இருபுறமும் தடையின்றி முழுக் கோணத்துக்குத் திரும்புகின்றனவா எனப் பார்க்கப்படுகிறது. சாதாரணக் காரில் வளைவின் உட்சக்கரம் அதிகமாகத் திரும்பும். டிரிஃப்ட் காரில், முழுத் திருப்பத்தில் இரு சக்கரங்களும் ஏறக்குறைய இணையாக இருக்குமாறு பலர் அமைக்கின்றனர். சக்கரம் திரும்பக்கூடிய எல்லைக்கு அப்பால் சர்வோ தள்ளாதவாறு கட்டுப்பாட்டுக் கருவியில் எல்லை குறிக்க வேண்டும். இல்லையெனில் சர்வோ முனகிச் சூடேறிக் கெடும்.

பின்னர் கைரோவின் திசை சோதிக்கப்படுகிறது. காரின் வாலைக் கையால் சட்டென வலப்பக்கம் தள்ளினால், முன்சக்கரங்களும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். எதிர்ப்பக்கம் திரும்பினால், களத்தில் இறக்கிய உடனே கார் சுழன்றுவிடும். கைரோவின் வலிமை அளவு குறைவாக இருந்தால் வால் விலகிச் சுழலும். மிகுந்தால் முன்சக்கரங்கள் நடுங்கத் தொடங்கும். நடுக்கம் தோன்றும் இடத்திலிருந்து சற்றுக் குறைத்து வைப்பது வழக்கம்.

எடைப் பகிர்வு, சுருள்வில், அதிர்வுத்தாங்கி எண்ணெய் ஆகியவை இதன் பின்னரே வருகின்றன. மின்கலத்தைப் பின்னே நகர்த்தினால் பின்சக்கரங்களுக்குப் பிடிப்புக் கூடி, கார் முன்னோக்கி உந்தும். முன்னே நகர்த்தினால் முன்சக்கரங்கள் திருப்பத்துக்கு நன்கு பணியும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, ஓட்டிப் பார்த்து, குறித்து வைப்பவரே எது எதனால் நேர்ந்தது என்பதை அறிய முடியும். ஒரே சமயத்தில் மூன்றை மாற்றியவருக்குக் கார் திருந்தினாலும் காரணம் விளங்காது.

போட்டியும் நோக்கமும்

சிறிய கார்ப் போட்டிகளும் பெரிய கார்ப் போட்டிகளின் அமைப்பையே பின்பற்றுகின்றன. முதலில் தனி ஓட்டம். பின்னர் இரு கார்கள் சேர்ந்து ஓடும் இணை ஓட்டம். இணை ஓட்டத்தில் முன்செல்லும் கார் குறித்த தடத்தைப் பிழையின்றிக் காட்ட வேண்டும். பின்தொடரும் கார் அதே கோணத்தில், மோதாமல், இயன்றவரை நெருங்கி வர வேண்டும். பிறகு இடம் மாறி மீண்டும் ஓடுவர்.

இங்கே டியூனிங்கின் முழு நோக்கமும் வெளிப்படுகிறது. தன் காரை மிக வேகமாக்குபவர், முன்செல்லும்போது விலகிப் போவார், பின்தொடரும்போது மோதுவார். எதிராளியுடன் இணைந்து ஓடத்தக்க காரே இங்கு நல்ல காராகக் கருதப்படுகிறது. பிவிசி குழாய் வளையத்தில் தொடங்கிக் கைரோ வரை இக்காரில் நிகழ்ந்த பெரிய மாற்றங்கள் எவையும் வேகத்தைக் கூட்டுவதற்காக வந்தவை அல்ல. களத்தின் ஓரத்தில் நிற்கும் மனிதர் சறுக்கலைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே அவை வந்தன.