எழுதுகோல் பறிக்கப்பட்ட நான்கு மாதங்கள்



லெந்து காலம் நெருங்கும்போதெல்லாம் வாலிபர் கூட்டத்தில் ஒரு கேள்வி எழும்புகிறது. "ஐயா, இந்த வருஷம் இறைச்சிக்குப் பதிலாகச் செல்போனை விட்டுவிட்டால் அது உபவாசமாகுமா?" இக்கேள்வியைக் கேட்டுச் சிரித்த பெரியவர்களும் நம் சபையில் உண்டு. நான் சிரிக்கவில்லை. சிரிக்கும் தகுதி எனக்கு இல்லை என்பதே அதற்குக் காரணம்.

திருமழபாடியில் கொள்ளிடக் கரையை ஒட்டிய தெரு ஒன்றில் வாழும் வயது முதிர்ந்த விதவைத் தாயார் ஒருவரைச் சில காலத்திற்கு முன் சந்திக்கச் சென்றேன். அவர் பேசத் தொடங்கினார். என் சட்டைப் பையில் செல்போன் அதிர்ந்தது, எடுத்துப் பார்த்தேன். மறுபடியும் அதிர்ந்தது, மறுபடியும் பார்த்தேன். மூன்றாம் முறை நான் தலை நிமிர்ந்தபோது அவர் பேச்சை நிறுத்தியிருந்தார். "ஐயாவுக்கு வேலை இருக்குது போல. போயிட்டு வாங்க" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது.

அந்நாளிலிருந்து ஒரு பழைய வரலாறு என் நினைவில் திரும்பத் திரும்ப வருகிறது. நம் ஊரைத் தொட்டு ஓடும் இதே கொள்ளிடம் கிழக்கே சென்று கடலில் கலக்கிறது. அந்த முகத்துவாரத்திற்குத் தெற்கே, அதே கடற்கரையில் தரங்கம்பாடி இருக்கிறது. அங்கே 300 ஆண்டுகளுக்கு முன், தன் காலத்தின் தகவல் கருவி முழுவதும் பறிக்கப்பட்ட நிலையில் நான்கு மாதங்கள் வாழ்ந்த ஒரு மனிதரின் வரலாறு அது. அவரும் ஒரு விதவையின் வார்த்தையைக் கேட்கும் இடத்தில் நின்றவரே.

பர்த்தலமேயு சீகன்பால்கு ஐயர் 1682-ஆம் ஆண்டு ஜெர்மனியின் சாக்சனி நாட்டில் பிறந்தவர். டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்ப, தம் தோழர் ஹென்றி புளூட்சோவுடன் 1705 நவம்பரில் கப்பலேறி, 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் கரை சேர்ந்தார். ஏழு மாதங்களுக்கு மேற்பட்ட கடற்பயணம் அது. அவருடைய கடிதமும் அதே வழியில், அதே வேகத்தில்தான் சென்றாக வேண்டும். ஒரு கேள்வியை எழுதியனுப்பினால் பதில் வந்து சேர ஓராண்டுக்கு மேலாகும். பதில் வராத ஒரு மணி நேரத்தையே அவமதிப்பாக எண்ணும் நமக்கு அந்தக் காத்திருப்பின் நீளம் விளங்குவது கடினம்.

அப்படியானால் அவர் தனிமையில் வாடினாரா? இல்லை. அவர் தமது காதுகளைத் திறந்தார். முதிய தமிழ் ஆசிரியர் ஒருவர் தம் பள்ளிக்கூடத்தை மிஷனரிமாரின் வீட்டிலேயே நடத்தினார். சீகன்பால்கு ஐயர் சிறு பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுத்துக்களை வரைந்து தமிழ் கற்றார். தாளும் மையும் தம்மிடம் இருந்தும் பிள்ளைகளின் மணலைத் தேர்ந்துகொண்டார். பின்பு ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைப் பற்றிய பட்டியல் ஒன்றை 1708-இல் அவர் எழுதி முடித்தார். பகல் முழுவதும் சுவடி வாசித்துக் களைத்த தம் கண்களுக்கு ஓய்வளிக்க, மாலை வேளையில் வேறொருவரை வாசிக்கச் செய்து கேட்டுக்கொண்டிருப்பது அவருடைய வழக்கம். 1708 அக்டோபர் 17-ஆம் நாள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்கத் தொடங்கினார்.

பேனாவே அவருக்குக் கை; பேனாவே அவருக்கு வாய். ஹாலே நகரத்து நண்பர்களுக்குக் கடிதம், அரசருக்கு விண்ணப்பம், அகராதிக்கான சொற்கள், திருமறையின் வசனங்கள் எல்லாம் அதன் வழியாகவே பிறந்தன. மொழிபெயர்ப்பு தொடங்கி ஐந்து வாரங்கள்கூட நிறையவில்லை. அந்தப் பேனா அவரிடமிருந்து பறிக்கப்பட்டது.

காரணம் ஒரு விதவை. முடிதிருத்தும் தொழிலாளி ஒருவர் இறந்துபோனார். அவருக்கும், டேனியக் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்த ஒருவருக்கும் இடையே இருந்த கடன் வழக்கில் அவருடைய மனைவி சிக்கிக்கொண்டார். அந்த ஏழைப் பெண்ணுக்காகச் சீகன்பால்கு ஐயர் மீண்டும் மீண்டும் பரிந்து பேசினார். கோட்டைத் தலைவர் ஹாசியுஸ் இதைத் தம் அதிகாரத்தில் தலையிடுவதாகக் கருதி அவரை அழைத்தார். எழுத்து மூலமாக அழைப்பு வேண்டும் என்று ஐயர் கேட்டார். எழுத்து வரவில்லை, காவலர்கள் வந்தார்கள். விசாரணையில் பதில் சொல்ல மறுத்த அவர், 1708 நவம்பரில் டேன்ஸ்போர்க் கோட்டையில் அடைக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 26.

தனிமைச் சிறை. பார்வையாளருக்கு அனுமதி இல்லை. பேனாவும் மையும் தாளும் மறுக்கப்பட்டன. வெளியே புளூட்சோ ஐயர் தனித்து விடப்பட்டார். புதிதாய் முளைத்த சிறு சபை அஞ்சி ஒடுங்கியது. ஐரோப்பாவிலிருந்த நண்பர்களோ இவை எதையும் அறியவில்லை. கடற்பயணத்தின் கணக்குப்படி, அவர் சிறையிலிருக்கும் செய்தி அவர்களை எட்டுவதற்குள் அவர் விடுதலையே பெற்றிருப்பார். உலகத்தோடு இருந்த கயிறு முற்றிலும் அறுந்த நிலை அது.

பிரியமானவர்களே, இவ்விடத்தில் நாம் அவசரப்பட்டு ஒரு தவறான பாடத்தைக் கற்றுக்கொள்ளக் கூடாது. "கருவி போனது, அமைதி வந்தது, ஆசீர்வாதம் பெருகியது" என்று பிரசங்கிப்பது எளிது. ஆனால் ஹாசியுஸ் செய்தது அநீதி. அதற்கு ஆன்மீகப் பயிற்சி என்று பெயரிடலாகாது. பேச முடியாதபடி ஒருவனுடைய வாயை அடைப்பது எந்நாளும் வன்முறையே.

இதற்கு நம் நாட்களிலேயே சாட்சி உண்டு. 2018 நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்திற்கு அருகே கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. டெல்டாவின் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. செல்போன் கோபுரங்களும் செயலிழந்தன. வெளியூரில் வேலை செய்த பிள்ளைகள் பெற்றோர் உயிரோடிருக்கிறார்களா என்று அறியாமல் தவித்தார்கள். ஜெனரேட்டர் வைத்திருந்தவர்களிடம் பணம் கொடுத்து, வரிசையில் நின்று சார்ஜ் ஏற்றிக்கொண்டார்கள் மக்கள். "நான் உயிரோடு இருக்கிறேன்" என்ற ஒரே ஒரு வார்த்தையைச் சொல்வதற்காகவே அந்த வரிசை. விழுந்த தென்னைகளுக்கு நடுவே நின்ற அவர்களிடம் போய், செல்போன் இல்லாத வாழ்வின் இன்பத்தைப் பற்றி யார் பேசத் துணிவார்? கருவி தன்னிலே தீமையானதன்று. அவசர நேரத்தில் அது அயலானின் குரலைச் சுமந்து வரும் தூதன்.

ஆகவே, வெறுமையே ஒருவரைப் பரிசுத்தமாக்குவதில்லை. அந்த வெறுமைக்குள் அவர் எதைக் கொண்டு நுழைகிறார் என்பதே கேள்வி. சீகன்பால்கு ஐயர் வெறுங்கையோடு சிறை சென்றார். வெறும் உள்ளத்தோடு செல்லவில்லை. இரண்டரை ஆண்டுகள் பிள்ளைகளோடு மணலில் எழுதிய எழுத்துக்களும், மாலைதோறும் காதால் கேட்ட தமிழும், பாலியத்திலிருந்து கற்ற திருமறையும் அவருக்குள் இருந்தன. காவலர் பறிக்கக்கூடியது பேனாவை மட்டுமே. பின்னர் எழுதுபொருள் கையில் கிட்டியபோது, சிறைக்குள்ளிருந்தே கிறிஸ்தவ வாழ்வைப் பற்றியும் ஊழியத்தைப் பற்றியும் அவரால் நூல்கள் எழுத முடிந்தது. நான்கு மாதங்களுக்குச் சற்று மேலான காவலுக்குப் பின் 1709 மார்ச்சில் வெளியே வந்தார். நிறுத்தப்பட்டிருந்த மொழிபெயர்ப்பை மீண்டும் கையிலெடுத்து 1711 மார்ச்சில் முடித்தார். 1714-இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் தரங்கம்பாடியில் அச்சாயின. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு நம் தமிழில்தான் வந்தது.

இந்த இடத்தில் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். என் செல்போனை யாராவது நான்கு மாதங்களுக்கு வாங்கி வைத்துக்கொண்டால் எனக்குள் என்ன மிஞ்சும்? முன்பு 20 வீடுகளின் தொலைபேசி எண்கள் எனக்கு மனப்பாடமாக இருந்தன. இன்று என் மகளின் எண்ணைக்கூடப் பார்த்துத்தான் சொல்கிறேன். வசனத்தைத் தேடும் விரல் வேகமாக ஓடுகிறது. வசனத்தைச் சுமக்கும் உள்ளம் மெலிந்துவிட்டது.

பறிக்கப்படுவதற்கும், நாமே விரும்பி ஒதுக்கி வைப்பதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. பின்னதற்குப் பெயர்தான் உபவாசம். இதை நம் நாட்டில் பலர் பலவிதமாகச் செய்து பார்க்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் சாங்கிலி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ் என்ற கிராமம் இருக்கிறது. கொரோனாக் காலத்து ஆன்லைன் வகுப்புகளுக்குப் பின் பிள்ளைகள் செல்போனை விட்டுப் பிரிய மறுப்பதைக் கண்ட ஊரார், 2022 சுதந்திர தினத்தை ஒட்டி ஒரு முடிவு செய்தார்கள். மாலை 7 மணிக்குக் கோவிலிலிருந்து சங்கு ஒலிக்கும். ஊரெங்கும் செல்போனும் தொலைக்காட்சியும் அணைக்கப்படும். 8.30 மணிக்கு மறுசங்கு. இடைப்பட்ட ஒன்றரை மணி நேரம் படிப்புக்கும் பேச்சுக்கும் உரியது. அதே ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் பேகம்கஞ்சில் சமண மக்கள் நூற்றுக்கணக்கானோர் தங்கள் பரியூஷண விழாவின்போது 24 மணி நேரம் செல்போனையும் இணையத்தையும் துறந்தார்கள். 2023 தவக்காலத்தில் கேரளத்தின் கோதமங்கலம் மறைமாவட்டம், இறைச்சியோடு செல்போனையும் தொலைக்காட்சித் தொடர்களையும் தவிர்க்கும்படி தன் மக்களைக் கேட்டுக்கொண்டது. நம் மாநிலத்திலும், 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கோவில்களுக்குள் செல்போன் பயன்பாட்டைத் தடை செய்ய உத்தரவிட்டது. நம் அயலார் தங்கள் வழிபாட்டிடத்தில் காக்க விரும்பும் அமைதியை, ஆராதனை நடுவே வாட்ஸ்அப் பார்க்கும் நாம் எண்ணிப் பார்ப்பது நல்லது.

இவற்றில் வட்காவ் கிராமத்தின் வழி என்னை மிகவும் தொடுகிறது. ஒருவன் மட்டும் செல்போனை அணைத்தால் அவன் தனித்துப் போகிறான். ஊரே அணைக்கும்போது பேசுவதற்கு ஆள் கிடைக்கிறது. அணைத்து வைப்பது பாதி வேலை. அந்த நேரத்தை யாருக்குக் கொடுக்கிறோம் என்பது மறுபாதி. ஏசாயா தீர்க்கதரிசியின் 58-ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். தலையைக் குனிந்து சாம்பலில் உட்காருவதோடு நின்றுவிடும் உபவாசத்தைக் கர்த்தர் ஏற்பதில்லை. பசித்தவனும் ஒடுக்கப்பட்டவனும் நம் கண்ணில் படும்படி செய்கிற உபவாசத்தையே அவர் கேட்கிறார்.

சீகன்பால்கு ஐயரின் வரலாற்றில் நாம் மறந்துவிடக் கூடாதது இதுவே. அவர் சிறையில் எழுதிய நூல்களை இன்று நம்மில் வாசித்தவர் சிலரே. ஆனால் அவரைச் சிறைக்குக் கொண்டுசென்றது எது? தம் மேசையில் புதிய ஏற்பாடு போன்ற பெரும்பணி விரிந்து கிடந்தபோதும், ஒரு விதவையின் வழக்கைக் கேட்க அவருக்கு நேரம் இருந்தது. எழுதிக்கொண்டிருந்த பேனாவைத் தாமே கீழே வைத்து அவள் பேச்சைக் கேட்டவர் அவர். காவலர்கள் அதைப் பறித்தது அதற்குப் பின்புதான்.

அடுத்த வாரம் செல்போனை வீட்டில் வைத்துவிட்டு, அந்தத் தாயாரிடம் மறுபடியும் சென்றேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் சொல்ல வந்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை. கண் பார்வை மங்கிவிட்டது. வேதாகமத்தின் எழுத்து தெரியவில்லை. யாராவது வாரம் ஒருமுறை வந்து ஓர் அதிகாரம் வாசித்துக் காட்டினால் போதும் என்றார். அதைத்தான் மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் என் முகத்தைப் பார்த்து நிறுத்தியிருக்கிறார். அன்று ஓர் அதிகாரம் கேட்டவருக்கு இரண்டு அதிகாரங்கள் வாசித்தேன்.

ஆதலால் வாலிபப் பிள்ளைகளே, உங்கள் கேள்விக்கு என் பதில் இது. ஆம், விட்டுவிடலாம். நாற்பது நாளும் வேண்டாம். வேலைக்கும் வைத்தியத்துக்கும் படிப்புக்கும் அது தேவைப்படும். மாலையில் ஒன்றரை மணி நேரம் போதும். ஆனால் விடுவதற்கு முன் ஒரு பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: அந்த நேரத்தில் யாருடைய வீட்டுத் திண்ணையில் போய் அமரப்போகிறோம் என்று. கண் மங்கியவர்கள், பிள்ளைகள் வெளியூரில் இருப்பவர்கள், பேச ஆளின்றி இருப்பவர்கள் நம் தெருக்களில் பலர் உண்டு. அந்தப் பெயர் இல்லாவிட்டால் அது உபவாசமன்று, வெறும் பட்டினி.

வரும் வெள்ளிக்கிழமை மாலை 7 மணி முதல் என் செல்போன் அணைந்திருக்கும். மிக அவசரமானால் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுங்கள். நான் அங்கே இல்லையென்றால் கொள்ளிடக் கரைத் தெருவில் தேடுங்கள். அங்கே ஒரு தாயாருக்கு வாசித்துக்கொண்டிருப்பேன்.

கர்த்தர் நமக்குக் கேட்கும் காதுகளைத் தந்தருள்வாராக. ஆமென்.