ஊவா மலைப்பாதையில் மோட்டாரும் தண்ணீரும்

1924ஆம் ஆண்டில் இரயில் பாதை பதுளையை எட்டியது. அப்புத்தளை, பண்டாரவளை முதலிய பட்டினங்கள் அதற்கு முன்னரே இரயிலின் பயனைக் கண்டிருந்தன. வெலிமடைக்கோ அப்பேறு கிட்டவில்லை. இருப்புப் பாதை அப்பள்ளத்தாக்கைத் தொடாது மலைவிளிம்பைச் சுற்றிக்கொண்டு போயிற்று. ஆதலால் தேயிலைப் பெட்டியும் அரிசி மூடையும், பின்னாளில் உருளைக்கிழங்கும் போஞ்சியும், முதலில் மாட்டுவண்டியையும் பின்னர் லொறியையுமே நம்பியிருந்தன. மாட்டைப் போலவே லொறியும் ஏற்றத்தில் தண்ணீர் கேட்டது.

எஞ்சினுள் எரியும் எண்ணெயின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகிறது. இன்னொரு பங்கு புகையோடு போய்விடும். எஞ்சியதைத் தண்ணீர் ஏந்திச் சென்று காற்றில் விட வேண்டும். கார்ல் பென்ஸ் 1886இல் செய்த மோட்டார் வண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போவதே குளிர்விக்கும் வழி. 1888இல் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை வண்டியை ஓட்டிச் சென்றபோது, வழிநெடுகத் தண்ணீர் தேடி நிரப்ப நேர்ந்தது. 1900ஆம் ஆண்டின் இறுதியில் வில்ஹெல்ம் மைபாக் அமைத்த மெர்சிடிஸ் வண்டிதான் நிலைமையை மாற்றியது. எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட சிறு குழாய்களைத் தேன்கூடு போல் அடுக்கிய அதன் ரேடியேற்றருக்கு 9 லீற்றர் தண்ணீரே போதுமாயிருந்தது.

சமவெளிக்கு இது போதும். வெலிமடையிலிருந்து ஹக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பாதையோ வேறு வகையானது. பாரம் ஏற்றிய லொறி தாழ்ந்த கியரில் ஊர்ந்து செல்லும். எஞ்சின் விரைந்து சுழலும். முகப்பில் மோதும் காற்றோ மிகக் குறைவு. அக்காலத்து மலிவான வண்டிகள் பலவற்றில் தண்ணீரைத் தள்ளும் பம்பும் இல்லை. சூடான நீர் மேலெழ, ஆறிய நீர் கீழிறங்கும் இயல்பையே அவை நம்பியிருந்தன. இவற்றோடு உயரமும் தன் பங்கைச் செய்யும். கடல்மட்டத்தில் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் நீர், 6000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். எஞ்சினுக்கு வேலை மிகுகின்ற இடத்திலேயே தண்ணீரின் தாங்குதிறன் குறைகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அப்பால் மழையைக் கொட்டிவிட்டு ஊவாவுக்கு வரண்டு வரும் மாதங்களில், பாதையோரத்துப் பீலிகளும் மெலிந்துவிடும்.

தகர வாளியோடு பீலியடியில் நின்று நிரப்பும் வழக்கம் இவ்வாறு வேரூன்றியது. தேவையே அதைக் கற்பித்தது. அன்றைய சாரதியைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் அவ்வழக்கத்துக்கு ஒரு மறைந்த விலை உண்டு. ஊற்றுநீரில் கரைந்துள்ள உப்புகள் குழாய்களில் படிந்து அடைக்கும்; இரும்பு துருவேறும்; இக்கால அலுமினிய எஞ்சின் தலை அரிக்கப்படும். சூடேறுவதற்குப் பயந்து தேர்மோஸ்டாட் என்னும் வெப்பத் தடுப்பிதழைக் கழற்றி எறிவோரும் உளர். குளிர்ந்த மலைக்காலையில் எஞ்சின் உரிய வெப்பத்தை எட்டாது நெடுநேரம் ஓடித் தேய்வதே அதன் பயன்.

இதற்கு மாற்று வேறொரு துறையிலிருந்து வந்தது. பிரெஞ்சு வேதியியலறிஞர் வூர்ட்ஸ் 1850களில் ஆக்கிய எதிலீன் கிளைக்கோல், மேலைநாடுகளில் குளிரில் தண்ணீர் உறையாமற் காக்கும் பொருளாக 1920களில் சந்தைக்கு வந்தது. 1942 ஏப்ரலில் கொழும்பையும் திருகோணமலையையும் காக்க எழுந்த ஹரிகேன் விமானங்களின் மெர்லின் எஞ்சின்களும் கிளைக்கோலாற் குளிர்விக்கப்பட்டவையே. உறைபனி அரிதான நாட்டில் இதற்கென்ன வேலை என்று கேட்கலாம். தண்ணீரோடு சரிபாதி கலந்தால் கொதிநிலை கடல்மட்டத்தில் 107 பாகை அளவுக்கு உயரும். 15 இறாத்தல் அழுத்தம் தாங்கும் மூடியும் சேர்ந்தால் 125 பாகையையும் தாண்டும். உடன் சேர்க்கும் மருந்துகள் துருவையும் தடுக்கும். ஊவாவுக்கு வேண்டியவை இவ்விரண்டுமே.

கடையில் கூலன்ட் என விற்கப்படும் இத்திரவத்தின் பச்சை, சிவப்பு, நீல நிறங்கள் வெறும் சாயமே. அவற்றைக் கண்டு வகையை முடிவு செய்தல் தவறு. வண்டியின் கைந்நூல் கூறும் வகையையே வாங்கி, செறிவானதாயின் வாலைவடித்த நீரிற் கலக்க வேண்டும். ஒவ்வாத இருவகைகள் சேர்ந்தால் கூழாகித் திரள்வதுண்டு. இனிப்புச் சுவையுடைய இது கொடிய நஞ்சு. பழைய சோடாப் போத்தலில் ஊற்றிவைத்த வீட்டில் குழந்தைக்கு ஆபத்து காத்திருக்கிறது.

வழியில் சூடேறினால், வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தி, அரைமணி நேரமேனும் ஆறவிட வேண்டும். சூடான மூடியைத் திறந்தவுடன் அழுத்தம் நீங்க, உள்ளிருக்கும் நீர் ஒரே கணத்திற் பொங்கி முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். கொதிக்கும் எஞ்சினில் பீலித் தண்ணீரைச் சட்டென ஊற்றினால் வார்ப்பிரும்பு வெடிக்கவுங் கூடும்.

அண்மைக் காலத்தில் இலங்கையிற் பெருகிய ஹைபிரிட் கார்கள் பலவற்றில், எஞ்சினுக்கு ஒன்றும் மின்சாரக் கருவிக்கு ஒன்றுமாக இரண்டு தனித்தனிக் குளிர்விப்புச் சுற்றுகள் உள்ளன. முன்மூடியைத் திறந்தால் இரு தொட்டிகள் தென்படும். இரண்டுக்கும் பீலித் தண்ணீர் ஆகாது.