மத்திய தரைக்கடலில் குடும்பத்துடன் கப்பல் சுற்றுலா: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை



மதுரைக்காரர்களுக்குக் கடல் என்றால் ராமேஸ்வரம், மிஞ்சினால் கன்னியாகுமரி. இன்று தல்லாகுளத்தில் இருந்துகொண்டே பார்சிலோனாவில் கப்பல் ஏறப் பதிவு செய்துவிட முடிகிறது. இரவில் கப்பல் ஓடும். காலையில் ஒரு துறைமுகத்தில் நிற்கும். மாலைக்குள் திரும்பி ஏற வேண்டும். அறையும் சாப்பாடும் ஒரே கட்டணத்தில் அடங்கும். ஊருக்கு ஊர் பெட்டி தூக்க வேண்டியதில்லை என்பதால், வயதான பெற்றோரும் சிறு பிள்ளைகளும் உள்ள குடும்பங்களுக்கு இது வசதிதான்.

ஆனால் ஏறிய பிறகு சாப்பாடு, நேரம், சூழல் எல்லாம் கப்பலின் கையில். அதனால் மார்க்கம் சார்ந்த முடிவுகளைப் பணம் கட்டும் முன்பே எடுத்துவிட வேண்டும்.

நமக்கு முன் இந்தக் கடலில் சென்றவர்கள்

தம் உம்மத்தினர் அரியணையில் அமர்ந்த அரசர்களைப் போலக் கடலில் செல்வதை நபி (ஸல்) அவர்கள் கனவில் கண்டார்கள். அவர்களில் தாமும் ஒருவராக இருக்க துஆச் செய்யும்படி உம்மு ஹராம் (ரலி) அவர்கள் கேட்டார்கள். பின்னாளில் தம் கணவர் உபாதா இப்னு ஸாமித் (ரலி) அவர்களுடன் சைப்ரஸ் படையெடுப்பில் சென்று, அங்கே வாகனத்திலிருந்து விழுந்து வஃபாத்தானார்கள். அவர்களுடையதாகக் கருதப்படும் கப்ரும் பள்ளிவாசலும் லார்னகா நகரின் உப்பேரிக் கரையில் இன்றும் உள்ளன.

அந்தலூஸைச் சேர்ந்த இப்னு ஜுபைர், ஹஜ் முடித்து 1184இல் அக்கா துறைமுகத்திலிருந்து ஜெனோவா நாட்டுக் கிறிஸ்தவர்களின் கப்பலில் ஊர் திரும்பினார். முஸ்லிம் பயணிகள் கப்பலில் தமக்கெனத் தனி இடம் பிடித்துக்கொண்டதை அவர் எழுதி வைத்துள்ளார். பிறர் கப்பலில் நம் மார்க்கத்தைப் பேணுவது எப்படி என்ற கேள்வி அன்றே இருந்திருக்கிறது.

முதல் கேள்வி: ஹஜ் முடிந்ததா?

நான்கைந்து பேர் விமானம் ஏறி, விசா எடுத்து, கப்பல் கட்டணமும் செலுத்தும் தொகை சிறியதல்ல. அந்தத் தொகை கையில் இருப்பவர் தம் கடமையான ஹஜ்ஜை நிறைவேற்றிவிட்டாரா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வசதி வந்ததும் தாமதிக்காமல் ஹஜ் செய்ய வேண்டும் என்பதே ஹனஃபி மத்ஹபில் வலுவான கருத்து. ஷாஃபி மத்ஹபில் தள்ளிப்போட இடமுண்டு. ஆனால் செய்யாமல் மவ்த்தானால் பொறுப்பு நீங்காது. ஜகாத், கடன், மஹர் பாக்கி இருந்தால் அவையும் முந்தியவை. வட்டிக்கு வாங்கியோ, வட்டி சேரும் தவணையிலோ போகும் சுற்றுலாவில் பரக்கத்தை எதிர்பார்க்க முடியாது.

பாஸ்போர்ட்டும் விசாவும்

பாஸ்போர்ட்டுக்கு நாம் அலைய வேண்டியதில்லை. மண்டல அலுவலகம் மதுரை ரேஸ்கோர்ஸ் சாலையிலேயே இருக்கிறது. பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுக்குத்தான், அல்லது 18 வயது வரைதான் செல்லும் என்பதால் தேதியை முதலில் பாருங்கள். ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளிலிருந்து குறைந்தது மூன்று மாதம் அது செல்லுபடியாக வேண்டும்.

ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி, கிரீஸ் ஆகியவற்றுக்கு ஒரே ஷெங்கன் விசா போதும். 2024 ஜூன் முதல் அதன் கட்டணம் 90 யூரோ. 6 முதல் 11 வயது வரை 45 யூரோ. அதற்கும் கீழே கட்டணமில்லை. முகவரின் சேவைக் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். அதிக நாட்கள் தங்கும் நாட்டின் தூதரகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டுக்கு.

பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. கப்பல் நடுவில் துருக்கிக்கோ துனிசியாவுக்கோ போய் மீண்டும் ஐரோப்பாவுக்குள் வந்தால், ஒருமுறை மட்டும் நுழையும் விசா போதாது. பலமுறை நுழையும் விசா கேளுங்கள். துருக்கி, துனிசியா விதிகளையும் தனியே பாருங்கள்.

உணவு

கப்பலில் உணவுக்குக் குறைவில்லை. ஹலால் உணவுக்குத்தான் குறைவு. ஹலால் உணவு உண்டா, எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்று நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். முகவர் வாயால் சொல்வது போதாது. பன்றி இறைச்சி இல்லை என்பதும் ஹலால் என்பதும் ஒன்றல்ல.

ஹலால் சான்று இல்லையென்றால் மீன், முட்டை, காய்கறி என்று முடிவெடுங்கள். அதிலும் குழம்பில் ஒயின் சேர்க்கிறார்களா, இனிப்பில் ஜெலட்டின் உண்டா, பொரிக்கும் எண்ணெய் ஒன்றுதானா என்று விசாரிக்க வேண்டும். கணவாய், நண்டு, சிப்பி போன்றவை அங்கே மீனோடு கலந்தே வரும். ஹனஃபி மத்ஹபில் மீன் தவிர மற்ற கடல் பிராணிகள் கூடாது. இறாலில் கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபிகளுக்கு இதில் இடம் அதிகம்.

கட்டணத்தில் மதுவையும் சேர்த்து விற்பார்கள். மது சேராத கட்டணத்தைக் கேட்டு வாங்குங்கள். ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று ஊழியர் சேவைத் தொகையும் பெரும்பாலும் தனியே வரும். முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்.

தொழுகை

எந்த ஊரிலும் தங்கும் நிய்யத் இல்லாததால் கப்பலில் இருக்கும் நாளெல்லாம் நாம் முஸாஃபிர்தான். நான்கு ரக்அத் தொழுகைகள் இரண்டாகும். கரையில் உள்ளூர் இமாமைப் பின்பற்றித் தொழுதால் முழுதாகத் தொழ வேண்டும். ஷாஃபிகள் லுஹர்-அஸரையும் மஃரிப்-இஷாவையும் சேர்த்துத் தொழலாம். ஹனஃபிகள் அந்தந்த நேரத்தில்தான் தொழ வேண்டும். நிற்க முடிந்தவர் நின்றே தொழ வேண்டும். தலைசுற்றல் இருந்தால் உட்கார்ந்து தொழலாம்.

மதுரையில் நாம் மேற்கே, சற்று வடக்கே சாய்ந்து நிற்கிறோம். பார்சிலோனாவில் கிப்லா கிழக்கே, சற்றுத் தெற்கே, ஏதென்ஸில் தென்கிழக்கு, இஸ்தான்புல்லில் இன்னும் தெற்கே. இரும்புக் கப்பலுக்குள் செல்போன் திசைகாட்டி தடுமாறும். அறைத் தொலைக்காட்சியில் கப்பல் போகும் திசையைக் காட்டும் வரைபடம் பெரும்பாலும் வரும். அதை வைத்துக் கணித்துக்கொள்ளலாம். தொழுகைக்கு நடுவே கப்பல் திரும்புவது தெரிந்தால் நாமும் கிப்லா பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும்.

ஜூன் மாதத்தில் பார்சிலோனாவில் சூரியன் மறைய இரவு ஒன்பதரை ஆகிவிடும். இஷா அதற்கும் பின்னால், ஃபஜ்ரோ சீக்கிரம். நடுக்கடலில் இணையத்துக்குச் செலவு அதிகம். நேர அட்டவணையை ஊரிலேயே பதிவிறக்கி வையுங்கள்.

அறை, உடை, சூழல்

பத்து வயதானால் பிள்ளைகளின் படுக்கையைப் பிரித்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள் நபி (ஸல்) அவர்கள். நால்வரை ஒரே சிறிய அறையில் அடைக்காமல், உள்கதவால் இணைந்த இரண்டு அறைகளைக் கேளுங்கள். கழிவறையில் தண்ணீர்க் குழாய் பெரும்பாலும் இருக்காது. ஒரு சிறு குவளை கொண்டு போங்கள்.

பெரும்பாலான கப்பல்களில் சூதாட்டக் கூடமும் மது அரங்கமும் நடமாடும் வழியிலேயே இருக்கும். நீச்சல் குளத்தில் முழு உடைக்கு அனுமதி உண்டா என்று பெண்களுக்காக முன்பே கேளுங்கள். எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று பிள்ளைகளிடம் ஊரிலேயே பேசிவிடுங்கள். கப்பலில் போய்த் தடுத்தால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

இறங்கும் இடங்கள்

மலாகாவில் இறங்கினால் கிரனாடாவின் அல்ஹம்ரா ஒன்றரை மணி நேரப் பயணம். நுழைவுச் சீட்டுக்குப் பாஸ்போர்ட் விவரம் கொடுத்து வெகுமுன்பே பதிவு செய்ய வேண்டும். ரோம் நகருக்குச் சிவிதாவெக்கியா துறைமுகத்திலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். 1995இல் திறந்த பெரிய பள்ளிவாசல் அங்கே உண்டு. ஏதென்ஸில் அரசு கட்டிய பள்ளிவாசல் 2020இல்தான் திறக்கப்பட்டது. இஸ்தான்புல்லில் துறைமுகத்திலிருந்து நடக்கும் தூரத்திலேயே, உஸ்மானியக் கடற்படைத் தளபதி கிலிச் அலி பாஷா கட்டிய பள்ளிவாசல் இருக்கிறது. அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி) அவர்களின் ஜியாரத்தும் அதே நகரில்தான். தனியே ஊர் சுற்றப் போகிறவர்கள் நேரத்துக்குத் திரும்ப வேண்டும், கப்பல் காத்திருக்காது.

முதலில் ஒரு சிறு பயணம்

குடும்பத்துக்குக் கடல் ஒத்துக்கொள்ளுமா என்று தெரியாதவர்கள் அருகிலேயே பார்க்கலாம். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் சுற்றுலாவைத் தொடங்கியது; 2023 ஜூனில் இலங்கைக்கும் சென்றது. அப்படிக் கப்பல் புறப்படும் பருவத்தில் இரண்டு மூன்று நாள் போய் வந்தால், சாப்பாடு, தொழுகை, தலைசுற்றல் எல்லாம் தெரிந்துவிடும்.

பூமியில் சுற்றிப் பாருங்கள் என்று குர்ஆன் பல இடங்களில் அழைக்கிறது. நூஹ் (அலை) அவர்கள் கப்பல் ஏறும்போது சொன்னது ஹூது அத்தியாயத்தின் 41ஆம் வசனத்தில் இருக்கிறது. புறப்படும் முன் பிள்ளைகளுக்கு அதை மனனம் செய்து கொடுங்கள். நம் பயணங்களை அல்லாஹ் ஹலாலானதாகவும் நலமானதாகவும் ஆக்கி வைப்பானாக. ஆமீன்.