ஜோகூர்ச் சின்னத்தில் கம்பீரும் மிளகும்

ஒரு நாட்டின் வரலாற்றை ஏட்டில் மட்டுமன்றி, வெட்டவெளியில் விளங்கும் உருவங்களிலும் கற்கலாம். ஜோகூர் அரசுச் சின்னம் அத்தகையது. அரசுக் கட்டடங்களின் முகப்பில் பொறிக்கப்படும் அதில், இரு புலிகள் கேடயத்தைத் தாங்கி நிற்கின்றன. சூழ்ந்திருப்பவை கம்பீர்ச் செடியும் மிளகுக் கொடியும் ஆகும்.

இவ்விரு பயிர்களே அந்நாளில் ஜோகூருக்குச் செல்வம் தந்தவை. 1844இல் தெமெங்கோங் இப்ராகிம் சீனப் பயிராளருக்கு ஆற்றுச் சீட்டு வழங்கலானார். அவ்வாண்டே தெப்ராவ் ஆற்றோரம் தான் கீ சூன் குடியேற்றம் அமைத்தார். கம்பீர் இலையைக் காய்ச்சி எடுத்த சாறு, தோல் பதனிடவும் சாயமேற்றவும் பயன்பட்டது. எஞ்சிய சக்கை மிளகுக்கு எருவாயிற்று. ஆயினும் காய்ச்சுவதற்கு விறகாய் எரிந்தது காடு. ஏறத்தாழ 15 ஆண்டுகளில் மண் வளம் குன்றவே, பயிராளர் புதுக்காடு தேடிப் பெயர்ந்தனர். காட்டோரத் தொழிலாளர் பலர் புலிக்கு இரையாயினர். சின்னத்துப் புலியை நோக்குவோர் இதனையும் நினைத்தல் வேண்டும்.

1917இல் காங்சு முறை ஒழிந்தது; ரப்பர் ஓங்கியது. அதற்கு உழைத்தோருள் தமிழர் பலர். சின்னத்திலோ ரப்பர் இலை இல்லை. அவ்வுழைப்பை மாணவர்க்கு எடுத்துரைக்கும் கடமை, எனவே, தமிழாசிரியர்க்கே உரியதாகின்றது.