மிரட்டல் எழுத்தும் ஒரு கொலை வழக்கும்

துப்பறியும் நாடகங்களை விரும்பிப் பார்க்கும் நேயர்களுக்கு ஒரு கதை நன்றாகப் பழகிப்போயிருக்கும். ஒருவனுக்குப் பலருடைய இரகசியங்கள் தெரியும். அவற்றை வெளியில் சொல்லாமல் இருக்கப் பணம் கேட்பான். கொடுப்பவர்கள் கொடுப்பார்கள், கொடுக்க முடியாதவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். ஒரு நாள் காலை அவன் பிணமாகக் கிடப்பான். அவன் சாக வேண்டும் என்று நினைக்காதவர் அந்த ஊரில் யாருமில்லை என்பதுதான் காவல் அதிகாரிக்கு வரும் பெரிய தலைவலி.

இந்தக் கதையை அதிகம் எடுத்தவர்களில் ஜெர்மானியர்களும் உண்டு. 1970 நவம்பரில் தொடங்கிய ‘டாட்டோர்ட்’ என்ற தொடர் ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் இன்றும் அங்கே ஒளிபரப்பாகிறது. ‘குற்றம் நடந்த இடம்’ என்பது அந்தப் பெயரின் பொருள். மியூனிக் நகரைக் களமாகக் கொண்ட ‘டெரிக்’ 1974 முதல் 1998 வரை 281 அங்கங்கள் ஓடியது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அது விற்கப்பட்டது. கொலையாளி யார் என்பதைவிட ஏன் கொன்றான் என்பதுதான் அதில் முக்கியம்.

ஆனால் அந்தத் தொடருக்கு வெளியே ஒரு கதை காத்திருந்தது. அதிகாரி டெரிக்காக நடித்த ஹோர்ஸ்ட் டாப்பர்ட் 2008-இல் காலமானார். இரண்டாம் உலகப் போரில் அவர் ஹிட்லரின் ‘வாஃபன் எஸ்.எஸ்.’ படையில் இருந்தவர் என்பது 2013-இல் வெளிவந்தது. அந்த ஒளிவழி மறுஒளிபரப்புகளை நிறுத்தியது. பிறருடைய இரகசியங்களைத் தோண்டி எடுத்த அதிகாரிக்கே ஓர் இரகசியம் இருந்திருக்கிறது. மனிதர்களுக்கு மறைக்க ஏதாவது இருக்கும்வரை மிரட்டலுக்கும் வேலை இருக்கும்.

இந்த வகை நாடகங்கள் எல்லாம் ஒன்றில் ஒத்துப்போகும். கடைசிக் காட்சியில் உண்மை தெரிந்துவிடும். தமிழர்களின் வரலாற்றில் இதே கதை ஒருமுறை நிஜமாகவே நடந்தது. அதற்குக் கடைசிக் காட்சி மட்டும் கிடைக்கவில்லை.

போர்க்கால சென்னை

1943-இல் சென்னையில் ‘சினிமா தூது’ என்ற வார இதழ் வெளிவரத் தொடங்கியது. அதை நடத்தியவர் சி.என்.லட்சுமிகாந்தன். போலி ஆவணம் தயாரித்த குற்றத்திற்காக முன்பே சிறைத்தண்டனை பெற்று, அந்தமான் வரை அனுப்பப்பட்டவர். விடுதலையாகிச் சென்னை திரும்பியவர் பேனாவைக் கையில் எடுத்தார்.

நடிகர் நடிகையரின் அந்தரங்க வாழ்க்கைதான் அந்த இதழின் சரக்கு. யார் யாருடன் பழகுகிறார்கள், யார் வீட்டில் என்ன சண்டை என்று பக்கம் பக்கமாக வந்தது. இதழ் சுடச்சுட விற்றது. விற்பனை ஒரு வருமானம் என்றால், எழுதாமல் இருப்பதற்காகக் கிடைத்த பணம் இன்னொரு வருமானம் என்று அக்காலத் திரையுலகம் பேசிக்கொண்டது.

போர்க்காலத்தில் காகிதத் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. அரசாங்க அனுமதி இல்லாமல் புதிய இதழ் நடத்த முடியாது. பாதிக்கப்பட்டவர்கள் அந்த வழியில் சென்றார்கள். பாடகரும் நடிகருமான எம்.கே.தியாகராஜ பாகவதர், நகைச்சுவை நடிகர் என்.எஸ்.கிருஷ்ணன், கோயம்புத்தூர் பட்சிராஜா நிறுவனத்தின் ஸ்ரீராமுலு நாயுடு ஆகிய மூவரும் ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடம் மனுக் கொடுத்தனர். இதழின் அனுமதி இரத்தானது.

லட்சுமிகாந்தன் ஓயவில்லை. ஏற்கெனவே அனுமதியுடன் நடந்துகொண்டிருந்த ‘இந்து நேசன்’ என்ற இதழை வாங்கி அதில் எழுதத் தொடங்கினார். இம்முறை திரைத்துறையினர் மட்டுமல்லாமல், தொழிலதிபர்களும் ஊர்ப் பிரமுகர்களும் அதன் பக்கங்களில் இடம்பெற்றனர். அவரை வெறுத்தவர்களின் பட்டியல் வாரந்தோறும் நீண்டது.

வேப்பேரியில் ஒரு காலை

1944 நவம்பர் 8-ஆம் தேதி. வேப்பேரியில் உள்ள தம் வழக்கறிஞர் நண்பரைப் பார்த்துவிட்டு லட்சுமிகாந்தன் ரிக்‌ஷாவில் திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் அவர் கத்தியால் குத்தப்பட்டார். சில வாரங்களுக்கு முன்பும் அவர் ஒருமுறை தாக்கப்பட்டிருந்தார். இம்முறை காயம் ஆழமானது. பொது மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர் மறுநாள் உயிரிழந்தார்.

டிசம்பர் இறுதியில் வந்த செய்தி தமிழ்நாட்டையே உலுக்கியது. பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். ஸ்ரீராமுலு நாயுடுவும் வேறு சிலரும் வழக்கில் சேர்க்கப்பட்டனர். கொலைக்குச் சதி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு.

அந்த நேரத்தில் பாகவதர் இருந்த உயரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். அவர் நடித்த ‘ஹரிதாஸ்’ அந்த ஆண்டு தீபாவளிக்குத்தான் வெளியாகியிருந்தது. சென்னை பிராட்வே திரையரங்கில் அது 1944, 1945, 1946 என்று மூன்று தீபாவளிகளைக் கண்டது. படம் ஓடிக்கொண்டிருந்தது, படத்தின் நாயகன் சிறையில் இருந்தார். மாலையில் அவர் குரலைக் கேட்டு மெய்மறந்த அதே மக்கள், காலையில் நாளிதழைப் பிரித்து அவர் கொலைகாரரா இல்லையா என்று விவாதித்தார்கள்.

தீர்ப்பும் மறுதீர்ப்பும்

வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி மாக்கெட் முன்னிலையில் ஜூரிகளுடன் விசாரிக்கப்பட்டது. 1945 மே மாதம் தீர்ப்பு வந்தது. கே.எம்.முன்ஷி வாதாடிய ஸ்ரீராமுலு நாயுடு விடுதலையானார். பாகவதரும் கிருஷ்ணனும் குற்றவாளிகள் என்று ஜூரிகளில் பெரும்பான்மையினர் முடிவுசெய்தனர். இருவருக்கும் ஆயுள்காலத் தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தில் செய்த மேல்முறையீடும் அதே ஆண்டு தள்ளுபடியானது.

மிஞ்சியது லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் மட்டுமே. அது வழக்கை மறுபடியும் விசாரிக்கும்படி சென்னைக்கே திருப்பி அனுப்பியது. 1947 ஏப்ரலில் நீதிபதிகள் ஹாப்பெல், சகாபுதீன் ஆகியோர் இருவரையும் விடுதலை செய்தனர். இந்தியா சுதந்திரம் பெற இன்னும் நான்கு மாதங்கள் இருந்தன. சிறையில் கழிந்த காலம் ஏறக்குறைய 30 மாதங்கள்.

இந்த வழக்கில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மிரட்டலுக்கு ஆளானவர்கள் ஆளுநரிடம் முறையிட்டது சட்டப்படியான செயல். ஆனால் மிரட்டியவர் கொல்லப்பட்டதும், இவர்களுக்கும் அவருக்கும் பகை இருந்தது என்பதை ஊருக்கே சொன்ன செயலும் அதுதான். வாய்திறக்காமல் பணம் கொடுத்தவர்களின் பெயர் எந்த ஆவணத்திலும் இல்லை. வெளிப்படையாக எதிர்த்தவர்களின் பெயர் மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஒருவரைக் கொல்லக் காரணம் இருப்பது வேறு, கொன்றது வேறு. அந்த வேறுபாட்டை நிலைநாட்ட இரண்டரை ஆண்டுகளும் கடல் கடந்த ஒரு நீதிமன்றமும் தேவைப்பட்டன.

சிங்கப்பூருடன் உள்ள உறவு

இந்தக் கொலை நடந்தபோது சிங்கப்பூர் ‘சியோனான்’ என்ற பெயரில் ஜப்பானியர் வசம் இருந்தது. எதிரி நாடாகிவிட்ட இந்தியாவிலிருந்து கப்பலும் இல்லை, புதுப் படங்களும் இல்லை. போர் முடிந்து கடல்வழி திறந்த பிறகுதான் சென்னையோடு பழைய தொடர்பு திரும்பியது. தேக்காவை ஒட்டிய மெக்கன்சி சாலையில் ரெக்ஸ் திரையரங்கு 1946-இல் திறக்கப்பட்டது. பாகவதர் அப்போது இன்னும் சிறையில்தான் இருந்தார். அதே ரெக்ஸ் 2009-இல் தமிழ்ப் படங்களுக்கான அரங்காக மீண்டும் திறக்கப்பட்டது.

சட்டத்தின் வழியாக இருக்கும் உறவு இன்னும் நெருக்கமானது. மிரட்டிப் பணம் பறிப்பதற்கு இலக்கணம் சொல்லும் 383-ஆம் பிரிவு, 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் எழுதப்பட்டது. அந்தச் சட்டத்தை அடியொற்றிய தண்டனைச் சட்டம் 1872-இல் நீரிணைக் குடியேற்றங்களில் நடப்புக்கு வந்தது. இந்தியா 2024 ஜூலையில் பழைய சட்டத்தைக் கைவிட்டுப் புதிய எண்களுக்கு மாறிவிட்டது. சிங்கப்பூரில் மிரட்டிப் பறிப்பது 383, கொலைக்குத் தண்டனை 302 என்ற பழைய எண்களே தொடர்கின்றன.

‘தீவாந்தரம்’ என்ற சொல்லும் இந்தத் தீவுக்கு அந்நியமானதல்ல. 1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து கைதிகள் அனுப்பப்பட்ட இடங்களில் சிங்கப்பூரும் ஒன்று. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் இன்று இஸ்தானா எனப்படும் மாளிகையையும் கட்டியதில் அவர்களுடைய உழைப்பு இருக்கிறது. சிராங்கூன் சாலையின் செங்கல் சூளைகளிலும் அவர்கள் வேலை செய்தார்கள். லட்சுமிகாந்தன் முக்கால் நூற்றாண்டு முன்னதாகப் பிறந்து அதே குற்றத்தைச் செய்திருந்தால், அவர் வந்து இறங்கிய துறைமுகம் சிங்கப்பூராகவும் இருந்திருக்கலாம்.

பாகவதருக்குக் கதவைத் திறந்த பிரிவி கவுன்சிலுக்குச் சிங்கப்பூரிலிருந்தும் வழக்குகள் சென்றன. அந்த வழி 1994-இல் மூடப்பட்டது. ஜூரி முறையைச் சிங்கப்பூர் 1969-இல் முற்றிலும் கைவிட்டது. வழக்கறிஞராக இருந்த காலத்தில் ஜூரிகளை எவ்வளவு எளிதாக அசைத்துவிட முடிகிறது என்று நேரில் கண்டவர் திரு லீ குவான் யூ. நாடே அறிந்த ஒரு முகம் கூண்டில் நிற்கும்போது, தெருவில் பேசுவதைக் கேளாதவர்போல் ஒன்பது பேர் உட்கார்ந்திருக்க முடியுமா என்ற கேள்வியைச் சென்னை வழக்கும் எழுப்புகிறது.

இதழ் போய்க் கைப்பேசி வந்தது

‘இந்து நேசன்’ வகை இதழை நடத்த அன்று அச்சகம், காகிதம், அரசாங்க அனுமதி எல்லாம் வேண்டியிருந்தன. இன்று ஒரு கைப்பேசி போதும். ஓர் அந்தரங்கப் படத்தை வைத்துக்கொண்டு பள்ளி மாணவரையும் மிரட்டலாம், பணி ஓய்வு பெற்றவரையும் மிரட்டலாம். அதனால்தான் அந்தரங்கப் படத்தை வெளியிடுவதும், வெளியிடுவேன் என்று மிரட்டுவதும் சிங்கப்பூரில் 2020 ஜனவரி 1 முதல் தனிக் குற்றமாயின. மிரட்டிப் பணம் பறித்தால் 2 முதல் 7 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு.

சட்டம் கடுமையாக இருந்தாலும், பாதிக்கப்பட்டவர் வந்து சொன்னால்தான் அது வேலை செய்யும். சொன்னால் இரகசியம் வெளியே வந்துவிடுமோ என்ற பயம்தான் மிரட்டுபவனின் மூலதனம். பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடக்கூடாது என்று நீதிமன்றங்கள் தடை விதிப்பது அந்த மூலதனத்தில் கைவைப்பதாகும். 1944-இல் சென்னைத் திரையுலகத்தினருக்கு அத்தகைய பாதுகாப்பு இருந்திருந்தால், விவகாரம் நீதிமன்றத்திலேயே முடிந்திருக்கக்கூடும். ஓர் உயிரும் போயிருக்காது.

விடுதலைக்குப் பின்

என்.எஸ்.கிருஷ்ணன் சிறையில் இருந்தபோது மனைவி டி.ஏ.மதுரம் வழக்கையும் குடும்பத்தையும் தாங்கினார். நாடகக் குழுவை எஸ்.வி.சகஸ்ரநாமம் கவனித்துக்கொண்டார். வெளியே வந்த கலைவாணர் ‘நல்லதம்பி’, ‘மணமகள்’ என்று மறுபடியும் எழுந்தார். 1957-இல் தமது 48-ஆம் வயதில் காலமானார்.

பாகவதரால் எழ முடியவில்லை. அவர் நடிக்கவிருந்த ‘உதயணன்’ ஜி.என்.பாலசுப்ரமணியத்தை நாயகனாகக் கொண்டு வெளிவந்துவிட்டது. விடுதலைக்குப் பின் வந்த ‘ராஜமுக்தி’யும் ‘அமரகவி’யும் பழைய வெற்றியைத் தரவில்லை. 1959 நவம்பர் 1-ஆம் தேதி அவர் மறைந்தார். நீதிமன்றம் அவருக்கு விடுதலையைத் திருப்பிக் கொடுத்தது. அந்த 30 மாதங்களில் மாறிவிட்ட இரசனையையும் போய்விட்ட இடத்தையும் எந்த நீதிமன்றத்தாலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

லட்சுமிகாந்தனைக் கொல்லச் சொன்னது யார் என்பது எண்பது ஆண்டுகள் கடந்தும் முடிவாகவில்லை. நாடகமாக இருந்தால் காவல் அதிகாரி எல்லாரையும் ஓர் அறையில் கூட்டி, விரலை நீட்டியிருப்பார். அன்றைய சென்னையில் விரல் நீட்டியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். வதந்தியை வாரா வாரம் காசு கொடுத்து வாங்கிப் படித்தவர்களும் அவர்களே. லட்சுமிகாந்தனின் கையில் ஆயுதத்தைக் கொடுத்தது அந்தக் காசுதான் என்று அவர்களில் யாரும் அன்று யோசித்துப் பார்க்கவில்லை.